இன்னொரு நாயனம் எங்கே?

சீசன் நேரத்தில் மதுரையிலிருந்து செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, ‘வாசுதேவநல்லூர் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பாதி பஸ் துண்டும் எண்ணெய் பாட்டிலுமாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும்போது, இந்த ஆசாமி மட்டும் நடுவழியில் இறங்கி என்ன பண்ணப் போகிறான்?

எனக்குக் காரணம் இருந்தது. அத்தை வீட்டுக் கோயிலில் ஆடிக் கொடை.

பதினைந்து நாள் முன்பே மாமா போன் பண்ணியிருந்தார். “மாப்ளே, நீ பி.காம்.தானே? வரி சரியாப் பிரியலை. போன வருசக் கணக்கை வாட்ஸப்புல போட்டிருக்கேன். எங்க குறைக்கலாம்னு பார்த்துச் சொல்லு.”

படித்த படிப்புக்கு இதுவரை யாரும் இவ்வளவு மரியாதை தந்ததில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பந்தல், சீரியல் லைட், ஸ்பீக்கர் செட், பூ, படைப்பு... எல்லாம் அவசியம். அடுத்த வரி: ‘நையாண்டி மேளம் - நாயனம் 2, தவில் 2, பம்பை 1, தாளம் 1’. இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தானே வாசிக்கப் போகிறார்கள்? ‘நாயனம் 1, தவில் 1 போதும்’ என்று பதில் அனுப்பினேன். மாமா கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், நண்பன் வீட்டில் ஒரு ஜெர்மன் படம் பார்த்தேன். ‘ஜாஸ்கிளப்’ என்று பெயர். 2004-ல் வந்தது. ஹெல்கே ஷ்னைடர் என்பவர் எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார். கதாநாயகன் ஜாஸ் வித்வான். விடிகாலையில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறார். பகலில் மீன் விற்கிறார். ராத்திரி கிளப்பில் வாசிக்கிறார். கேட்கத்தான் ஆள் இல்லை! சிரிக்கலாமா கூடாதா என்று நமக்கே சந்தேகம் வருகிற மாதிரியான காமெடி. நான் நன்றாகவே சிரித்தேன். மீன் விற்கிற வித்வானாம்!

சிவகிரி தாண்டி ஊர் வந்தது. மேற்கே மலை. மழை குற்றாலத்துக்கு, காற்று மட்டும் எங்களுக்கு. பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான். அவர் காலத்தில் இங்கே இருந்த கோட்டை, வெள்ளைக்காரப் பட்டாளத்தைப் படாதபாடு படுத்தியது. ஊருக்குள் அர்த்தநாரீஸ்வரர் கோயில் இருக்கிறது. பாதி சிவன், பாதி அம்மன். ஒரு கும்பிடு போட்டுவிட்டு அத்தை வீட்டுத் தெருவில் திரும்பினால்... முக்கில் பத்தடி ஃபிளெக்ஸ் பேனர். ‘வருக வருக’ என்று விழாக் கமிட்டியார் எல்லாம் கும்பிடுகிறார்கள். கீழ் வரிசையில், சாட்சாத் நான்!

“மேளத்துல மிச்சம் பிடிச்ச காசு மாப்ளே!” என்றார் மாமா பெருமையாக.

சாயங்காலம் மேளக்காரர்கள் வந்தார்கள். வாசலில் நின்ற பொடியன் ஒருவன், “ஏ, இன்னொரு நாயனம் எங்க?” என்று கேட்டான். பக்கத்திலிருந்தவன், “அதாம்ல இது!” என்றான். ஒரே சிரிப்பு.

1989-ல் ‘கரகாட்டக்காரன்’ வந்ததிலிருந்து இந்தச் சிரிப்பு ஓயவில்லை. அதில் கவுண்டமணி தவில், செந்தில் நாயனம். நமக்கு வாழைப்பழம் ஞாபகமிருக்கிறது, மேளம் மறந்துவிட்டது. மேளத்தின் பெயரிலேயே ‘நையாண்டி’ இருக்கிறதே, அப்புறம் என்ன!

ராத்திரி பன்னிரண்டு வரை ஸ்பீக்கர் செட்டின் ராஜ்யம். சினிமாப் பாட்டும் ஆட்டமுமாகத் தெருவே அதிர்ந்தது. பிறகு செட்டை நிறுத்தினார்கள். கூட்டம் பாயைத் தேடிப் போய்விட்டது. சாமக்கொடைக்கு மிஞ்சியது முப்பது பேர் இருப்போம்.

அப்போதுதான் நாயனம் ஆரம்பித்தது. நையாண்டி மேளத்துக்குத் திமிரி நாயனம். கச்சேரி வித்வான்கள் வைத்திருக்கும் பாரி நாயனத்தைவிடக் குட்டை, சுருதி அதிகம். அந்தச் சத்தம் அடிவயிற்றைப் போய்ப் பிடித்தது. சாமியாடி எழுந்தார். மேளம் ஏற ஏற ஆட்டமும் ஏறியது. நிறுத்த முடியாது, நிறுத்தினால் சாமி இறங்கிவிடும். முக்கால் மணி நேரம், ஒற்றை ஆள். கழுத்து நரம்பு புடைத்துக் கண் சிவந்துவிட்டது.

திடீரென்று ஓர் இழுப்பு பாதியில் அறுந்தது. ஒரு விநாடிதான். தவில்காரர் அந்த இடத்தை அடித்து மூடிவிட்டார். ஆனால், சாமியாடி நின்று, கண்ணைத் திறந்து மேளக்காரரைப் பார்த்தார். எனக்குச் சுரீர் என்றது.

விடியற்காலையில் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ரொம்பக் கஷ்டமோ அண்ணாச்சி?”

“எப்பவும் ரெண்டு பேரு தம்பி. ஒருத்தன் மூச்சு வாங்கும்போது மத்தவன் பிடிச்சுக்கிடுவான். அதுக்குத்தான் ஜோடி. இந்த வருசம் ஒண்ணு போதும்னுட்டாங்க. யாரோ படிச்ச ஆளு கணக்குப் பார்த்துச் சொன்னாங்களாம்.”

நான் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினேன்.

“இன்னொருத்தர் யாரு?”

“என் தம்பிதான். புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடையில லோடு ஏத்துதான். நானும் கொடை இல்லாத நாள்ல அங்கதான் பழம் பிரிக்கேன். கொரோனா வந்த 2020-லயும் மறு வருசமும் கொடையே இல்லை பாருங்க, எலுமிச்சைதான் சோறு போட்டுச்சு. பையன் நாயனத்தைத் தொடமாட்டேங்கான். கல்யாணத்துக்குக் கேரளாச் செண்டைதான் கேக்காங்க. நானும் எதுக்கு அவனை வற்புறுத்த?”

பாதி எலுமிச்சை, பாதி நாயனம். அர்த்தநாரீஸ்வரர் ஊரில் இப்படியும் ஒரு பாதி.

மனசு கேட்காமல் அந்த ஜெர்மன் படக் கதையைச் சொன்னேன். மீன் கடை வந்தபோது அவர் சிரிக்கவில்லை. “வாசிக்கிற கையில மீன் வெட்டுப் படாம இருக்கணுமே” என்றார்.

இன்னொரு கதையும் சொன்னேன். சார்லி மரியானோ என்று அமெரிக்க சாக்ஸபோன் வித்வான். மலேசியாவுக்கு வேலையாகப் போனவர், அங்கே நாதஸ்வரம் கேட்டு மயங்கிவிட்டார். அதைக் கற்றுக்கொண்டு, ஜாஸோடு சேர்த்து வாசித்து ரெக்கார்டும் போட்டார். பிற்காலத்தில் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் குடியிருந்து, 2009-ல் காலமானார்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஜெர்மன்லயா! சீவாளிக்கு என்ன பண்ணினாரு?”

இத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. காவிரிக் கரை நாணல் தட்டையில் செய்கிற சீவாளி இல்லாவிட்டால், எத்தனை பெரிய வித்வானுக்கும் நாதஸ்வரம் வெறும் ஆச்சா மரம்தான். எனக்குப் பதில் தெரியவில்லை.

“காருக்குறிச்சி அருணாசலம் எங்க பக்கத்துக்காரரு. ‘கொஞ்சும் சலங்கை’யில வாசிச்சது அவருதான். ‘தில்லானா மோகனாம்பாள்’ல மதுரை சேதுராமன், பொன்னுசாமி. பாருங்க, அங்கயும் ரெண்டு பேரு!” என்றவர், எழுந்து துண்டை உதறினார். ஏழு மணிக்கு மண்டிக்குப் போகவேண்டுமாம். போகும்போது திரும்பி, “அந்த மீன்காரருக்கு ஒரு ஜோடி சேர்த்துக் கொடுத்திருக்கலாம்” என்றார்.

கணக்கில் நான் படித்தது பற்று, வரவு, தேய்மானம். மெஷினுக்குத் தேய்மானம் போடுவோம், நாற்காலிக்குக்கூடப் போடுவோம். நுரையீரலுக்குப் போட எந்தப் புத்தகத்திலும் இடம் கண்டதில்லை.

மத்தியானம் மாமாவின் கணக்கு நோட்டை வாங்கி, அடுத்த வருஷத்துப் பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன்: ‘நாயனம் 2, தவில் 2. இதில் யாரும் கை வைக்கக் கூடாது. இப்படிக்கு, பி.காம்.’

மாமா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அப்ப பேனருக்கு?”

“என் படத்தை எடுத்துருங்க மாமா. பாதிச் செலவு குறையும்!”