எரிந்த நூலும் என் தமக்கையும்

துறைத் தேர்வில் இருமுறை தோற்றவன் நான். நாற்பதைக் கடந்தபின் விதிகளையும் உட்பிரிவுகளையும் மனனம் செய்வது எத்தகைய இடர் என்பதைத் தலைநகரில் எழுத்தராய்க் காலந்தள்ளும் அன்பர்கள் அறிவர். மூன்றாம் முறைக்குப் படிக்கவென்று நூலகம் சென்ற ஒரு ஞாயிறன்று, படிக்க வேண்டியதை விட்டு வேறொன்றைப் படித்தேன்.

இடைக்கால ஐரோப்பாவில் ‘ஆர்ஸ் நோட்டோரியா’ என்றொரு நூல் வழங்கிற்று. சாலமோன் மன்னனுக்கு இறைவன் அருளியது என்பர். நோன்பிருந்து, தூய்மை காத்து, வானவர் பெயர்கள் விரவிய நெடிய மன்றாட்டுகளை ஓதி, அதில் வரைந்துள்ள உருவங்களை உற்று நோக்கினால் இலக்கணமும் தருக்கமும் விரைவிற் கைவருமாம், நினைவாற்றலும் பெருகுமாம். தகாதது மட்டுமன்று, பயனற்றதும் என்று தாமஸ் அக்குவினாஸ் இதனைத் தள்ளினார். பேயை ஏவும் மந்திரவாதியை இங்கே தேடவேண்டா. கல்விக்கு ஏங்கிய துறவியரும் மாணவருமே இதனை நாடினர். என் இனத்தார்!

பிரான்சு நாட்டு மொரிஞி மடத்துத் துறவி ஜான் அவர்களுள் ஒருவர். இந்நூலைச் சிலகாலம் பயின்றவர், அச்சந்தரும் காட்சிகள் தோன்றவே, தீய ஆவிகளின் சூது இதில் உண்டெனக் கண்டு கைவிட்டார். ஆசையை மட்டும் கைவிட்டாரில்லை. கன்னி மரியாளை வேண்டி, பழுது நீங்கிய மன்றாட்டு நூலொன்றை 1301க்கும் 1315க்கும் இடையே தாமே இயற்றினார். 1323இல் பாரிசில் அது எரிக்கப்பட்டது. எனினும் இருபதுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் எஞ்சின. கிளேர் ஃபேங்கரும் நிக்கோலஸ் வாட்சனும் பல்லாண்டு உழைத்து 2015இல் அதனைப் பதிப்பித்தனர்.

என்னைத் தடுத்து நிறுத்தியது அதில் ஓரிடம். எழுத்தறியாத தம் சகோதரி கற்க விழைந்தபோது, ஜான் இக்கலையின் துணைகொண்டே அவளுக்குக் கற்பித்தாராம், அவளும் கற்றாளாம்.

எனக்கும் ஒரு தமக்கை உண்டு. நான் படிக்க வேண்டுமென்று அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பி.ஏ. என்னும் இரண்டெழுத்து என் பெயருக்குப் பின் நிற்கிறது. வங்கிப் படிவம் நிரப்ப வேண்டுமெனில், இன்றும் ஊரிலிருந்து தொலைபேசியில் என்னைத்தான் அழைப்பாள். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவதென்று சொல்லிவந்தேனே அன்றி, ஒருநாளும் கற்றுக்கொடுத்தேனில்லை.

அன்று விதிநூலைத் திறவாமலே வீடு திரும்பினேன். மறுவாரம் அவள் அழைத்தாள்.

“தம்பி, இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?”

“மேலே என்ன போட்டிருக்குன்னு நீயே படிச்சுச் சொல்லு அக்கா” என்றேன்.

எழுத்தெழுத்தாய்க் கூட்டத் தொடங்கினாள். அலுவலகம் செல்ல நேரமாகிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன்.