எந்த ஊர் காந்தி தெரு?

கடிதத்தின் மேல் ‘12, காந்தி தெரு’ என்று மட்டும் எழுதிப் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? காந்தி தெரு இல்லாத ஊர் எது! உள்ளூர்த் தபால் என்றால் எப்படியோ போய்ச் சேரும். வெளியூர் என்றால் திண்டாட்டம்தான்.

கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் இப்படி ஒரு முகவரி உண்டு. விண்டோஸில் சி, டி என்கிற டிரைவ் எழுத்துதான் ஊர்ப் பெயர். அதை விட்டுவிட்டு வெறும் சாய்கோட்டில் முகவரியைத் தொடங்கினால், அந்த நேரத்தில் எந்த டிரைவில் வேலை நடக்கிறதோ, அதையே ஊராக எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் இது முழு முகவரியா, அரைகுறை முகவரியா? பைத்தான் மொழியில் இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாக இரண்டு பதில்கள் இருந்தன. பழைய ‘இஸ்ஆப்ஸ்’ கட்டளை ‘முழு முகவரிதான்’ என்றது. 2014-ல் பைத்தான் 3.4 பதிப்போடு வந்த ‘பாத்லிப்’, ‘இல்லை’ என்றது. 2024 அக்டோபரில் வெளியான 3.13 பதிப்பில் பழைய கட்டளையும் ‘இல்லை’ பக்கம் சாய்ந்துவிட்டது. நியாயமான திருத்தம்தான்.

ஆனால், பழைய பதிலை நம்பி வாசலில் காவல் போட்டவர்கள் இருக்கிறார்களே! ‘முழு முகவரியோடு ஃபைல் கேட்டு வருபவரை விடாதே, மற்றவர்களுக்கு நம் ஃபோல்டரில் இருப்பதை மட்டும் கொடு’ என்பது ஒரு இணையதளத்தின் காவலாளிக்குச் சொன்ன உத்தரவு. சாய்கோட்டோடு வந்தவரை நேற்றுவரை தடுத்த அவர், இன்று ‘இது முழு முகவரி இல்லையே’ என்று வழிவிடுகிறார். உள்ளே முகவரிகளை ஒட்டவைக்கும் ‘ஜாயின்’ கட்டளை மட்டும் மாறவில்லை. முன்னால் சாய்கோட்டைப் பார்த்ததும், நம் ஃபோல்டரின் பெயரை உதறிவிட்டு, டிரைவின் தலைவாசலில் இருந்தே தேடக் கிளம்பிவிடும். பூட்டிய அலமாரியில் அந்நியர் கை வைக்க இது போதும். எர்ரர்கூட வராது.

அந்த நிரலை எழுதியவர் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார். இப்போது பார்த்துக்கொள்பவருக்கு அப்படியொரு காவல் இருப்பதே தெரியாது. புதிய பதிப்பின் அறிவிப்பில் இந்த மாற்றத்துக்குக் கிடைத்த இடமோ ஒரே ஒரு வரி.

பதிப்பை மாற்றும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது நல்லது. அதைவிட நல்லது, காவலாளியை வாசலோடு நிறுத்தாமல் இருப்பது. முகவரியை முழுதாக ஒட்டிய பிறகு, அது நம் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டால், மொழி எந்தப் பதிலுக்கு மாறினாலும் கவலையில்லை.