மார்த்தாண்டத்துத் துளசித் தேன்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலையைத் தாண்டினால் நிலத்தின் நிறமே மாறிவிடும். வயலும் வாழையும் குறைந்து, இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை கட்டி நிற்கும். மார்கழி, தை மாதங்களில் இந்த மரங்கள் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து வரும். அந்தக் கொழுந்துதான் மார்த்தாண்டம் வட்டாரத்தின் தேன் அறுவடைக்கு அச்சாரம்.

ரப்பர் தேன் பூவில் இருந்து வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி பூவில் இருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இளம் இலை முற்றும் வரை அவற்றில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்கள் அதைத்தான் சுமந்து வருகின்றன. மாசி, பங்குனி மாதங்களில் தோட்டத்துக்குள் நடந்தால், கால்களில் நிறுத்திய மரப்பெட்டிகளைச் சுற்றி ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு இங்கே நூறாண்டு வரலாறு உண்டு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகப் புனரமைப்பு மையத்தை நடத்திய டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்களுக்கு உபதொழிலாகப் பெட்டித் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் புழுக்களைத் தாக்கியது. பெட்டி பெட்டியாக இந்தியத் தேனீக்கள் அழிந்தன. தாக்குப்பிடித்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மறுபடி தலையெடுத்தது.

மார்த்தாண்டத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில், முப்பது பெட்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று. பெட்டிகளைப் பார்ப்பது மாமியார்; தேனைக் குப்பியில் அடைத்து விற்பது மருமகள். மொத்தமாகக் கொடுத்தால் கட்டுப்படியாகவில்லை என்று போன வருடம் மருமகள் துளசித் தேன் போட்டுப் பார்த்தார். கொல்லையில் பறித்த துளசியைக் கழுவி அப்படியே தேனில் போட்டு இறுக மூடி வைத்தார். மூன்றாம் வாரம் மேலே நுரை கட்டியது. புளித்த வாடை வந்தது. இரண்டு குப்பிகளின் மூடி தெறித்து, பத்து கிலோ தேன் வீணானது.

“தேன் கெடாதுன்னு சொல்லுவினும், மாமி. இது எப்படிப் பொங்கிச்சு?”

“தேன் கெடாது மக்களே. நாம தண்ணியல்லவா சேர்த்தோம்?”

மாமியார் சொன்னதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. நல்ல தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ தேனில் 100 கிராம் பச்சைத் துளசி போட்டால் 80 கிராம் தண்ணீர் சேருகிறது. ஈரப்பதம் 25 விழுக்காட்டைத் தாண்டிவிடும். தேனில் உறங்கிக் கிடக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ள அது போதும். ரப்பர் தேன் இயல்பிலேயே கொஞ்சம் நீர்த்தது என்பதால் இங்கே ஆபத்து இன்னும் கூடுதல்.

இந்த வருடம் அந்த வீட்டில் முறை மாறியிருக்கிறது. அடையில் முக்கால் பங்கு அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடிய பிறகே தேன் எடுக்கிறார்கள். துளசியைக் கழுவி, ஈரம் துடைத்து, நிழலில் துணி விரித்துக் காயவைக்கிறார்கள். கையில் நொறுங்கும் பதம் வர வேண்டும். காம்பு வளைந்தால் காயவில்லை, ஒடிந்தால் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ தேனுக்கு 50 கிராம் காய்ந்த இலை. கண்ணாடிக் குப்பியும் கரண்டியும் சொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். இலை மேலே மிதக்கும் என்பதால் தினமும் ஒரு தடவை குப்பியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் மணம் இறங்கிவிடும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டி வேறு குப்பியில் அடைக்கிறார்கள். வடித்த இலையும் வீணில்லை. வீட்டுக் கருப்பட்டிக் காப்பியில் போகிறது.

இதே முறையில் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்க்கலாம். பச்சை இஞ்சி, பச்சைப் பூண்டு வேண்டாம். நெல்லிக்காயிலும் தண்ணீர் அதிகம் என்பதால் தேன் நெல்லியைக் கொஞ்சமாகப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்ப்பது நல்லது. ரப்பர் தேன் விரைவில் உறைந்து மணல்போல ஆகும். அது கலப்படம் அல்ல. குப்பியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகும். அடுப்பில் நேரடியாக வைத்தால் மணமும் குணமும் போய்விடும்.

அந்த வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. சளி பிடித்தபோது துளசித் தேனை நாக்கில் தொட்டு வைக்க மாமியார் குப்பியை எடுத்தார்.

“வேண்டாம் மாமி. ஒரு வயசு ஆகாம தேன் குடுக்கப்பிடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க.”

“உன் மாப்பிள்ளைக்கு நான் குடுத்துதான் வளர்த்தேன், மக்களே” என்றார் மாமியார். ஆனாலும் குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

நர்ஸ் சொன்னது சரி. எவ்வளவு சுத்தமான தேனிலும் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடல் தாங்காது. உடல் தளர்ச்சி, மூச்சுத் திணறல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் மூலிகை சேர்ந்தது என்பதற்காக அளவை மீறக் கூடாது.

வீட்டுத் தேவைக்கு ஒரு கிலோவில் தொடங்கிப் பார்க்கலாம். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, என்ன சேர்த்தது, எப்போது அடைத்தது என்று சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். நோய் தீரும் என்று எழுதக் கூடாது. அந்த மருமகளின் குப்பிகளில் இப்போது ‘துளசி சேர்த்த தேன்’ என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: ‘ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.’ அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் மாமியார்.