ஜெல்லி இல்லாத ஸ்கேன்

போன மாதம் தில்லைநகரில் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். ஜில்லென்று ஜெல்லியைத் தடவி, கருவியை அழுத்தி நகர்த்தினார்கள். ஸ்ரீரங்கம் திரும்பியதும், "எதுக்கும்மா அந்தக் கொழகொழப்பு?" என்று பேத்தியைக் கேட்டேன். மெட்டலர்ஜி கடைசி வருஷம் படிக்கிறாள்.

"நடுவுல துளி காத்து இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் உள்ள போகாது தாத்தா, மேலேயே திரும்பிடும். ஜெல் அந்த இடைவெளிய அடைக்குது" என்றாள். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் செய்கிற மாதிரியான பாய்லர்களுக்கும் இதே வைத்தியம்தானாம். அனல்மின் நிலையத்தில் வருஷக்கணக்கில் வெந்து தேயும் குழாயின் கனத்தை இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் முதலில் குழாயின் மேல் படிந்திருக்கும் கருப்பு ஏட்டைச் சுரண்டவேண்டும். பிறகு ஜெல் தடவவேண்டும்.

"இரும்புக்கு ஜெல்லே வேண்டாத வழி ஒண்ணு இருக்கு. என் ப்ராஜெக்டே அதுதான்" என்றாள். அதன் பெயர் ஈமேட். ஒரு காந்தம், அதனடியில் ஒரு கம்பிச்சுருள். சுருளில் அதிவேகமாகத் திசை மாறும் மின்சாரத்தை விட்டால், தொடாமலே இரும்பின் மேல்தோலிலும் மின்சாரம் சுழலும். காந்தம் அதைத் தள்ளும், இரும்பே அதிரும். போதாததற்கு, காந்தப்புலம் மாறும்போது இரும்பு மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்கும். ஜூல் 1842-லேயே கண்டது இது. ஆக, ஒலி வெளியிலிருந்து போவதில்லை, இரும்புக்குள்ளேயே பிறக்கிறது. 5 மில்லிமீட்டர் குழாய்ச் சுவரில் போய்த் திரும்ப, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சுமார் 3 பங்கு நேரம். அந்த நேரத்தை வைத்துக் கனத்தைக் கணக்கிடுகிறார்கள். எதிரொலி மிகச் சன்னமாக வரும் என்பதுதான் குறை.

வேடிக்கை என்னவென்றால், சுரண்டி எறிந்த அந்தக் கருப்பு ஏடு, மேக்னடைட், கெட்டியாக ஒட்டியிருந்தால் ஒலியை இன்னும் நன்றாக எழுப்புகிறதாம். சுரண்டவே வேண்டாம்!

காந்தம் என்றதும் எனக்குக் காரைக்கால் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. எல்லாப் பாடமும் பிரெஞ்சில். காந்தத்துக்கு 'எமான்' என்று பெயர். அன்பு செய்கிற என்றும் அதே சொல்லுக்கு அர்த்தம் உண்டு. வாத்தியார் "எமான்" என்றால் பின்பெஞ்சில் ஒருவன் "ஏமாந்தான்" என்பான். நிஜத்தில் ஏமாந்தது நான்தான். திருச்சியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது என் பிரெஞ்சு எந்தக் கோப்புக்கும் உதவவில்லை. 'பிரெஞ்சு துரை' என்ற கேலிதான் மிச்சம். பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லித்தராமல் விட்டேன்.

"ஸ்கேன் கருவியில ஒலி எழுப்பற படிகத்தோட குணத்தை 1880-ல கண்டுபிடிச்சவங்க கியூரி அண்ணன் தம்பிங்க. அதுல தம்பி பியேர், மேரி கியூரியோட வீட்டுக்காரர். காந்தத்தைச் சூடாக்கி ஆராய்ச்சி பண்ணி 1895-ல பட்டம் வாங்கினார். இரும்பு 770 டிகிரியில காந்தத்தன்மையை இழக்கும். அந்த மாதிரி வெப்பநிலைக்கே அவர் பேர்தான் தாத்தா" என்றவள், செல்போனில் அந்த ஆய்வேட்டை எடுத்து நீட்டினாள். "இது பிரெஞ்சுல இருக்கு. படிச்சுச் சொல்றீங்களா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பல சொற்கள் மறந்துவிட்டன, 'எமான்' மறக்கவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தினமும் சாயங்காலம் ஒரு பக்கம் என்று பேச்சு. நேற்று ஒன்பதாம் பக்கம் முடிந்தது.