பீங்கான் கடைக் காளையும் ரஷ்ய யானையும்

மார்ச் 31 கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே தணிக்கை, அதற்கும் பின்னால் மகளின் பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் படலம்... இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்றைக்கு வட்டி, வைப்புநிதி எதுவும் கிடையாது. ஒரே ஒரு சொல்வழக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பி.காம். படித்தவளுக்கு மொழி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கிறவர்கள், முழுக்கப் படித்துவிட்டுக் கேட்கவும் :-)

இடம், பொருள் தெரியாமல் பேசி எல்லாவற்றையும் கெடுத்து வைக்கிறவரை ஆங்கிலத்தில் 'புல் இன் எ சைனா ஷாப்' என்பார்கள். சைனா என்றால் இங்கே நாடு இல்லை, பீங்கான். பீங்கான் கடைக்குள் புகுந்த காளை. ஃபிரெடரிக் மேரியட் 1834-இல் எழுதிய 'ஜேக்கப் ஃபெய்த்ஃபுல்' நாவலிலேயே இது வந்துவிட்டது. ஆக, அந்தக் காளை கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக அந்தக் கடைக்குள்ளேயே நிற்கிறது.

நம் ஊரில் காளை இல்லை, யானை. பீங்கான் கடையும் இல்லை, வெண்கலக் கடை. சமையலறையில் நாலு பாத்திரம் சேர்ந்து உருண்டால் போதும், "என்னடி, வெங்கலக் கடையில யானை பூந்த மாதிரி" என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வரும். அதோடு நான் அந்த யானையை மறந்தே போயிருந்தேன். சமீபத்தில் எங்கள் கிளையில் நடந்த ஒன்றுதான் மறுபடி நினைவுக்குக் கொண்டுவந்தது. (சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒரு பெண் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கூடப் பத்து வயதுப் பையன். கணவர் ஒப்பந்தத் தொழிலாளி, எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தவர், இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவர் கணக்கில் இரண்டு காப்பீடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி. இதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். இன்னொன்று, வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா. இது விபத்துக்கு மட்டும், அதிலும் 2 லட்சம். தற்கொலை என்றால் இரண்டாவது கிடைக்காது.

கவுன்ட்டரில் இருந்த தம்பி இந்த விதிகளையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, ஆனால் சுற்றறிக்கையை எண்ணோடு சொல்வார். அந்தப் பெண்ணுக்கு 4 லட்சமும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற துடிப்பு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, சத்தமாக, இந்தியில் கேட்டார்:

"விபத்தா, தற்கொலையா?"

வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாஸ்புக் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பையன்தான் தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதுவரை அவனுக்கு என்ன சொல்லி வைத்திருந்தார்களோ தெரியாது. அவர் காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பையன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஏழு வாரம். தொலைபேசி எடுக்கப்படவில்லை. அவருக்குச் சேர வேண்டிய 2 லட்சம் கேட்பாரில்லாமல் கிடந்தது.

எங்கள் மேலாளர் அந்தத் தம்பியை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்ன வார்த்தைதான் 'புல் இன் எ சைனா ஷாப்'. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தவர் என்னிடம் கேட்டார்: "மேடம், நான் எதை உடைச்சேன்? ஃபார்ம்ல இருக்கிற கேள்வியைத்தானே கேட்டேன்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். என்னிடமும் அப்போது சட்டென்று சொல்ல பதில் இல்லை. பதில் கிடைத்தது எங்கள் எதிர்வீட்டில்.

நான் இருப்பது பிலாயில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: சோவியத் உதவியோடு எஃகு ஆலை அமைக்க 1955 பிப்ரவரி 2-இல் ஒப்பந்தமாகி, 1959 பிப்ரவரி 4-இல் ராஜேந்திர பிரசாத் முதல் ஊது உலையைத் தொடங்கி வைத்த ஊர். அந்தக் காலத்தில் ரஷ்யப் பொறியாளர்களோடு தோளுரசி வேலை பார்த்த தமிழர்கள் சிலர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். எதிர்வீட்டு மாமா அவர்களில் ஒருவர். திருச்சிக்காரர். இருபத்திரண்டு வயதில் வந்தவருக்கு இப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. காது மந்தம், ரஷ்ய மொழி மட்டும் துருப்பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "மாமா, பீங்கான் கடைக் காளைக்கு ரஷ்யன்ல என்ன?" என்று கேட்டேன்.

"காளையைச் சொன்னா ரஷ்யாக்காரனுக்குப் புரியாதும்மா. அவனுக்கும் யானைதான்" என்றார். 'ஸ்லோன் வ் பசூத்னய் லாவ்க்யே.' ஸ்லோன் என்றால் யானை, பசூதா என்றால் பாத்திரம் பண்டம், லாவ்கா என்றால் சின்னக் கடை. பாத்திரக் கடையில் யானை!

எனக்கு ஒரே ஆச்சரியம். காட்டில் யானையே இல்லாத நாடு, நம்மைப் போலவே யானையைக் கடைக்குள் விட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் யானைதான். இவர்களுக்கு நடுவில் ஆங்கிலேயன்தான் காளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் காளையும் பாவம். 2007-இல் 'மித்பஸ்டர்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அடைப்புக்குள் பீங்கான் அலமாரிகளை வரிசையாக வைத்து நிஜக் காளைகளை அவிழ்த்து விட்டார்கள். அவை அலமாரிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து லாவகமாக ஓடின. இருநூறு வருஷப் பழி!

ஆனால் தமிழ் யானைக்கும் ரஷ்ய யானைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெண்கலக் கடையில் யானை புகுந்தால் சத்தம் பெரிது, சேதம் குறைவு. அண்டாவும் குண்டாவும் உருளும், நசுங்கும். ஒடுக்கெடுக்கக் கொடுத்தால் தட்டிச் சரிபண்ணிக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் நாம் அதை வெறும் இரைச்சலுக்கும் அமளிக்கும் சொல்கிறோம். பீங்கான் உடைந்தால் உடைந்ததுதான். ரஷ்ய யானை உடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆகவே தம்பியைப் பற்றி ரஷ்ய மொழியில் எழுதினால் யானை என்று போட்டால் போதும். தமிழில் எழுதினால், யானையை மட்டும் போட்டால் சத்தம்தான் வரும், உடைந்தது தெரியாது.

"அப்ப இங்கிதம் கெட்டவனை ரஷ்யன்ல நேரா எப்படிச் சொல்றது மாமா?"

"பெஸ்தாக்த்னி." பெஸ் என்றால் இல்லாத. தாக்த் என்றால் இங்கிதம். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் அந்த வார்த்தையைக் கத்துக்கிட்டது இன்ஜின்லம்மா. நம்ம ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கே, அதை அவங்க நாலு தாக்த் இன்ஜின்னு சொல்வாங்க. பாட்டுல தாளக்கட்டுக்கும் தாக்த்தான்."

பாருங்கள், ஒரே சொல். இன்ஜினுக்கு வீச்சு, பாட்டுக்குத் தாளம், மனிதனுக்கு இங்கிதம். நம்மிடமும் 'தாளம் தப்பிவிட்டது' என்ற பேச்சு உண்டே. தம்பி கேட்ட கேள்வியில் தவறில்லை, தாளம்தான் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னபோது மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "தாளம் மட்டும் இல்லம்மா. கண்ணு" என்றார். பிறகு கிரிலோவின் கதையைச் சொன்னார்.

இவான் கிரிலோவ் ரஷ்யாவின் நீதிக்கதைக் கவிஞர். 1814-இல் 'ஆர்வக்காரன்' என்று ஒரு கதை எழுதினார். ஒருவன் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்து நண்பனிடம் அளக்கிறான். குண்டூசித் தலையைவிடச் சின்னப் பூச்சிகளையெல்லாம் பார்த்தேன் என்கிறான். நண்பன் கேட்கிறான்: யானையைப் பார்த்தாயா, மலை மாதிரி இருந்திருக்குமே? அவன் விழிக்கிறான். அங்கே யானையா இருந்தது? கவனிக்கவில்லையே! இன்றைக்கும் ரஷ்யர்கள் முக்கியமானதைக் கோட்டை விட்டவனை இந்தக் கதையின் கடைசி வரியைச் சொல்லித்தான் கிண்டல் செய்வார்களாம்.

எனக்கு அந்தக் கவுன்ட்டர் கண்முன் வந்தது. தம்பி பூச்சிகளையெல்லாம் பார்த்தார். 436 ரூபாய் பிடித்தது தெரிந்தது, 20 ரூபாய் பிடித்தது தெரிந்தது, எந்த விதியில் எது கிடைக்காது என்பது தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யானை அளவுக்கு ஒரு துக்கம் நின்றிருந்தது. கூடவே அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையனும். அதுதான் தெரியவில்லை. கடைக்குள் புகுகிற யானையும், கண்ணுக்குத் தெரியாத யானையும் ரஷ்ய மொழியில் வேறு வேறு சொல்வழக்குகள். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. எதிரே நிற்கிற பெரியது கண்ணில் படாதவர்தான் கடைக்குள் யானையாக நுழைகிறார்.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது, 71-ஆவது அதிகாரமாகவும் 110-ஆவது அதிகாரமாகவும். அரசவையில் வேலை பார்ப்பவனுக்கு ஒன்று, காதலிப்பவனுக்கு ஒன்று. எப்படிப் பேசுவது என்பது வேறு அதிகாரம். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கு மட்டும் வள்ளுவர் இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை இதைத் தம்பியிடம் சொன்னேன். யானையையும் சொன்னேன், அந்தப் பையன் தலை தூக்கிப் பார்த்ததையும் சொன்னேன். "பையன் இருந்தானா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

சரி, அந்தப் பெண் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். காரியத்தை முடித்தது நானோ மேலாளரோ இல்லை. கிளையைக் காலையில் கூட்டித் துடைக்கும் தீதி. அவருடைய வீடும் அந்தப் பெண் இருக்கும் பக்கம்தான். எட்டாவது வாரம் ஒரு நாள் தீதி அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், கூட்டம் வருவதற்கு முன்னால், பையன் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து. நேராக என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எப்படி வரச் சம்மதித்தார் என்று பிறகு கேட்டேன்.

"பாஸ்புக் என்ட்ரி போட்டு நாளாச்சே, வா போட்டுட்டு வரலாம்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்?" என்றார் தீதி.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நாம் சொல்வோமே, அது. இறப்பு, காப்பீடு, காரணம் ஒன்றையும் வாயில் எடுக்கவில்லை. விதி எதுவும் தெரியாது, யானைக் கதை எதுவும் தெரியாது. ஆனால் எந்த நேரம், எந்த நாற்காலி, எந்த வார்த்தை என்று தெரிந்திருந்தது. காரணம் என்ன என்பது அந்தப் பெண் கொண்டுவந்த காகிதங்களிலேயே இருந்தது. நான் படித்துக்கொண்டேன், கேட்கவில்லை. மீதி வேலை முழுவதையும் அந்தத் தம்பியே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். பணம் அந்தப் பெண்ணின் கணக்குக்கு வந்துவிட்டது. ஒடுக்கு எடுத்தாகிவிட்டது என்று சொல்லலாம். பையன் அன்றைக்குப் பார்த்த பார்வை எந்த வகைப் பாத்திரம் என்று எனக்குத் தெரியாது.

வெளியூரில் குடித்தனம் நடத்தும் நமக்கு இதில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் பாசமாகக் கேட்கும் கேள்வி இங்கே பீங்கானை உடைக்கும். "சம்பளம் எவ்வளவு?", "கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" ஊரிலும் இதெல்லாம் உடைக்கத்தான் செய்கிறது, அங்கே யாரும் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். மொழியும் சேர்ந்து காலை வாரும். நமக்கு நீ, நீங்கள். ரஷ்யர்களுக்கு தி, வி. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி. ஆங்கிலத்தில் படியே இல்லை, யாருக்கும் யூதான். புதிதாக வந்தவர் பெரியவரைப் பார்த்து 'தும்' என்று சொல்லிவிட்டு, ஏன் முகம் சுருங்கியது என்று தெரியாமல் விழிப்பதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இலக்கணம் தெரியாததால் வரும் யானை சின்னது, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். முகத்தைப் பார்க்காததால் வருவதுதான் பெரிது.

நம் பிள்ளைகளுக்கு இந்தி, ஆங்கிலம், பிரெஞ்சு என்று வகுப்புக்கு அனுப்புகிறோம். முகம் பார்க்கிற பாடத்துக்கு வகுப்பு கிடையாது. துக்க வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது அவர்களை டிவி முன்னால் விட்டுவிட்டுப் போகாமல் கூட்டிப் போகலாம். பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும். அங்கே பெரியவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்று பார்க்கட்டும்.

நீங்கள் இருக்கும் ஊர் மொழியில் இந்த ஆளுக்கு என்ன பெயர்? மராத்தியில், வங்காளத்தில், ஒடியாவில், குஜராத்தியில்? காளையா, யானையா, வேறு ஏதாவதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாமாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.