ஒரு பையில் தாள், ஒரு பையில் காய்

அக்டோபர் 4

சமையலறைக் கூடையில் கிடந்த சின்ன வெங்காயம் முளைவிட்டிருக்கிறது. வைகாசிப் பட்டத்தில் ஊன்றி ஆவணியில் எடுத்த காய்; பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது. அறுவடை முடிந்த கையோடு ஊன்றினால் வெங்காயம் சரியாக முளைக்காது. சில வாரமாவது அது உறங்கியாக வேண்டும். அதற்குத்தான் ஊரில் வயலோரம் பட்டறை போடுவார்கள்: தரையிலிருந்து உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் புகப் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து. என் வீட்டில் அந்த வேலையைக் கூடையே செய்துவிட்டது.

முளைத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. திரண்ட காயாக 24 பொறுக்கி, மாடியில் இரண்டு பைகளில் பைக்குப் பன்னிரண்டாக ஊன்றினேன். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு. கூடவே ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. வேர்ப்பக்கம் கீழே, கழுத்து மட்டும் வெளியே.

அக்டோபர் 9

எல்லாம் பச்சை காட்டிவிட்டன.

அக்டோபர் 27

ஒரு காய் ஊன்றிய இடத்தில் நாலைந்து முளை வெடித்துத் தூர் கட்டி, தாள் ஒரு சாண் உயரம் நிற்கிறது. கத்தரிக்கோலோடு மாடிக்குப் போகுமுன் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எல்லாத்தையும் மொட்டையா அறுத்துடாதம்மா. காய்க்குச் சோறு போடுறதே தாளுதான். தாளு வேணுமா, காய் வேணுமா, முதல்ல அதை முடிவு பண்ணு."

யோசித்தால் அதுதான் முழுக் கணக்கும். இலை வெயிலில் சமைத்துக் கீழே அனுப்புவதுதான் காயாகத் திரள்கிறது. இடப்பக்கப் பை தாளுக்கு, வலப்பக்கப் பை காய்க்கு என்று பிரித்தேன். மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு அறுத்தேன். வெங்காய இலை நுனியில் வளர்வதில்லை, அடியில் வளர்கிறது. அதனால் அறுத்தாலும் மறுபடி நீளும். அறுத்த வாயை உற்றுப் பார்த்தேன். உள்ளே வெறும் குழல். சுவரை ஒட்டி வழவழப்பாக ஒரு நீர். மூக்குக்கு அருகே கொண்டுபோனதும் கண் கரித்தது. கடையில் கட்டாக விற்கும் தடித்த தாளில் இந்தக் காரம் இருப்பதில்லை.

பாசிப்பருப்பை மலர வேகவைத்துக்கொண்டேன், குழையவிடவில்லை. கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, வெள்ளைத் தண்டை முதலில் வதக்கி, பச்சையைக் கடைசியில் போட்டேன். பச்சைக்கு மூன்று நிமிடம் போதும். மேலே போனால் நிறமும் மணமும் போய்விடும். தாள் சுண்டிக் கால்வாசியாகிவிடும், உப்பைப் பார்த்துப் போட வேண்டும். பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இறக்கினேன். ரசம் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி எனக்குத் தெரியாது.

நவம்பர் 12

நாலு நாளாக ஐப்பசி அடைமழை. வலப்பக்கப் பையின் துளைகளை மண் அடைத்து, தண்ணீர் தேங்கிவிட்டது. மூன்று தூர் அழுகிப் போயின. மீதியிலும் நுனி கருகியிருக்கிறது. ஆணியால் துளைகளைக் குத்திவிட்டு, பைகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். மழை தொடங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. வெங்காயத்துக்கு ஈரம் வேண்டும். தேங்கிய நீர் ஆகவே ஆகாது.

நவம்பர் 20

இரண்டாவது அறுப்பு. முட்டைப் பொரியலுக்குப் போதுமான அளவு கிடைத்தது.

டிசம்பர் 5

மூன்றாவது அறுப்பு. தாள் மெலிந்துவிட்டது. இனி அறுக்கமாட்டேன்.

டிசம்பர் 14

வலப்பக்கப் பையில் பாதிக்கு மேல் தாள் மஞ்சளாகிக் கழுத்தொடிந்து சாய்ந்துவிட்டது. பிடுங்கும் பக்குவம் அதுதான். ஊன்றி 71 நாள். இரண்டு பைகளையும் கவிழ்த்தேன்.

காய்க்கென விட்ட பையில், மழைக்குத் தப்பிய ஒன்பது தூரில் 52 காய். நல்ல சிவப்பு, நல்ல திரட்சி. தாள் அறுத்த பையில் 47. பெரும்பாலும் சுண்டைக்காய் அளவு. அம்மா சொன்னது அப்படியே கண்முன் கிடந்தது. ஆனாலும் இடப்பக்கப் பை எனக்கு மூன்று வேளைக் கறி தந்திருக்கிறது. வீட்டுத் தேவைக்கு ஊன்றுகிறவர்கள் தாளுக்கென்று ஒரு பையைத் தனியாக விட்டுவிடுவதே நல்லது.

சிறு காய்கள் நாளைக்குக் காரக்குழம்பில் முழுசாகப் போகும். பெரிய காய்களில் 24 எடுத்து, நிழலில் உலர்த்தி, வலைப்பையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். மாசியில் ஊன்ற வேண்டும்.