கூதலுக்கு இரண்டு யூத சூப்

 

மார்கழிக் கூதல் வந்துவிட்டது. விடியப்புறம் காதை மூடாமல் சைக்கிள் ஓட முடியவில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமன். சண்டிலிப்பாயில் இந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ரசமும் கூழும் கொதிக்கும். எங்கள் வீட்டு அடுப்பில் அவற்றோடு வேறு இரண்டு சூப்பும் ஏறுகின்றன. இரண்டும் யூதர்களின் சமையலைப் பார்த்துச் செய்வது.

"யூதரின்ரயா?" என்று சிலர் முகம் சுழிப்பது தெரியும். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலாவது, பருப்பு சூப். யூதர்களின் வேதத்தில் ஒரு கதை இருக்கிறது. யாக்கோபு (நாங்கள் யஃகூப் நபி என்போம்) சிவந்த பருப்புக் கூழ் காய்ச்சுகிறார். பசியோடு வந்த அண்ணன் ஏசா, அந்தக் கூழுக்காக மூத்த பிள்ளைக்குரிய உரிமையையே கொடுத்துவிடுகிறார். எங்கள் கிறிஸ்தவ உறவுகளுக்கும் தெரிந்த கதை இது. அந்தச் சிவந்த பருப்புத்தான் நாங்கள் தினமும் கறி வைக்கிற மைசூர்ப் பருப்பு.

செய்முறை: ஒரு சுண்டு பருப்பைக் கழுவி, ஆறு சுண்டு தண்ணீர் விட்டு, ஒரு கரட்டும் இரண்டு தக்காளியும் வெட்டிப் போட்டுக் குழைய அவியுங்கள். வெங்காயம், நாலைந்து பல்லு உள்ளி, ஒரு தேக்கரண்டி நற்சீரகத் தூள் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிக் கொட்டுங்கள். உப்பு, மிளகு. இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. பாணோடு சாப்பிடலாம்.

இரண்டாவது, கோழி சூப். இதற்கு எங்கள் வரலாற்றோடும் தொடர்பு உண்டு. கொர்டோபாவில் பிறந்த மூஸா இப்னு மைமூன் என்ற யூத அறிஞர், எகிப்தில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவைக்கு வைத்தியம் பார்த்தவர். 1204இல் இறந்தார். மருத்துவ நூல்களை அரபு மொழியில் எழுதினார். ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கோழி சூப்பைப் பரிந்துரைத்தவர் அவர். பல நூற்றாண்டு கழித்து, 2000இல், அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் ரெனார்ட் தன் மனைவி வீட்டாரின் கோழி சூப்பை ஆய்வுகூடத்தில் சோதித்தார். வீக்கத்தை உண்டாக்கும் வெள்ளையணுக்களின் நகர்வு அதனால் குறைந்ததைக் கண்டார். அது சோதனைக் குழாயில் கண்டது. தடிமனுக்கு மருந்து என்று சொல்ல அது போதாது. ஆனால் ஆவி பறக்கக் குடித்தால் மூக்கு திறப்பதை அறிய ஆய்வு தேவையில்லை.

செய்முறை: ஊர்க்கோழி ஒன்றை எலும்போடு துண்டு போட்டு, குளிர்ந்த தண்ணீரில் வைத்து, நுரையை அள்ளி எடுங்கள். முழு வெங்காயம், கரட், செலரி போட்டுச் சிறு நெருப்பில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பொங்கிக் கொதிக்கவிட்டால் கலங்கிவிடும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் சதகுப்பை இலை தூவுவார்கள். அது கிடைக்காதபோது நாங்கள் மல்லியிலை போடுகிறோம். அவர்கள் நூடில்ஸ் சேர்ப்பார்கள். நாங்கள் மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்துப் போடுகிறோம்.

பாலோ பட்டரோ சேர்க்கக் கூடாது. இறைச்சியும் பாலும் சேர்வது அவர்களுக்கு விலக்கு. அதனால்தான் கொச்சி யூதர்கள் இறைச்சிக் கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டார்கள். பன்றி எங்களைப் போலவே அவர்களுக்கும் விலக்கு. எங்கள் ஒடியல் கூழைத்தான் அவர்கள் தொட முடியாது. நண்டு, இறால், கணவாய் மூன்றும் அவர்களுக்கு ஆகாது!

மொரோக்கோவில் முஸ்லிம்கள் நோன்பு திறப்பது ஹரீரா என்ற சூப்போடு. எங்கள் நோன்புக் கஞ்சி மாதிரி. அதே நாட்டு யூதர்கள் யோம் கிப்பூர் நாளில் தண்ணீரும் குடிக்காமல் ஏறத்தாழ 25 மணித்தியாலம் நோன்பிருப்பார்கள். அதைத் திறக்க அவர்கள் வீடுகளிலும் ஹரீரா காய்ச்சுவதுண்டு.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் சிலர் விளையாட்டில் சண்டை வந்தால் "யூதன்" என்று ஏசுகிறார்கள். ஒரு யூதரைக்கூடக் கண்டிராத பிள்ளைகள். பலஸ்தீனத்தில் நடப்பதைப் பார்த்து நாங்களும் அழுகிறோம், துஆச் செய்கிறோம், கண்டிக்கிறோம். அது ஓர் அரசும் அதன் இராணுவமும் செய்வதற்கான கண்டனம். ஒரு சனத்தின் பெயரையே வசைச்சொல்லாக்குவது வேறு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் பிறர் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் சொந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டது, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று விசாரித்தல்ல. சோனகர் என்ற ஒரு பெயர் போதுமாக இருந்தது.

வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவு எங்களுக்கு ஆகுமானது என்று குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் சொல்கிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே 'மாஇதா', உணவு விரித்த விரிப்பு. பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம்.

சங்கானைச் சந்தையில் கரட்டும் தக்காளியும் வாங்கி, முதலில் பருப்பு சூப்பைச் செய்து பாருங்கள். செலவு குறைவு, அரை மணித்தியாலத்தில் முடியும். பிள்ளைகள் குடிக்கும்போது அது யாருடைய சூப் என்றும் சொல்லுங்கள்.